கச்சத்தீவும் கனடா விசாவும்

கேள்வி: எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. வேட்பாளர், ‘ஜெயித்த மறுநாளே கச்சத்தீவை மீட்பேன்’ என்று மைக்கில் முழங்கினார். மீட்டுவிடுவாரா? (ராமேஸ்வரம் வாசகர்)

மறுநாள் மாலை மரியாதைக்கே நேரம் சரியாக இருக்கும், அதற்கு அடுத்த நாள் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மத்தியப் பட்டியல் இருக்கிறதே, அதில் வெளிநாட்டு விவகாரம் 10-வது, ஒப்பந்தங்கள் 14-வது, போரும் சமாதானமும் 15-வது. மூன்றும் டில்லி வீட்டுப் பத்திரம். எம்.எல்.ஏ. செய்யக்கூடியது, சட்டமன்றத்தில் தீர்மானத்துக்குக் கை தூக்குவது.

அதையும் ஒரேயடியாக இளக்காரமாகச் சொல்ல மாட்டேன். கொழும்பு காமன்வெல்த் மாநாட்டை இந்தியா புறக்கணிக்க வேண்டும் என்று 2013 அக்டோபரில் நம் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. நவம்பரில் பிரதமர் மன்மோகன் சிங் போகவில்லை. வெளியுறவு அமைச்சர் சல்மான் குர்ஷித் போனார். தீர்மானம் பாதி பலித்தது!

கேள்வி: வெளிநாட்டோடு ஒப்பந்தம் போடும்போது எம்.பி.க்களைக் கேட்டுத்தானே கையெழுத்துப் போடுவார்கள்? (கும்பகோணம் வாசகி)

கல்யாணத்துக்குத் தாய்மாமனைக் கேட்பது போலவா? இல்லை அம்மா, இங்கே தாலி கட்டியபிறகுதான் பத்திரிகையே வரும். ஒப்பந்தம் போடுவது மத்திய அரசின் நிர்வாக அதிகாரம். அதை நிறைவேற்றச் சட்டம் தேவைப்பட்டால் மட்டும் 253-வது பிரிவின்படி நாடாளுமன்றத்துக்கு வருவார்கள். தேவைப்படாவிட்டால் வர மாட்டார்கள்.

கச்சத்தீவையே எடுத்துக்கொள்ளுங்கள். 285 ஏக்கர். 1974 ஜூன் 26-ல் கொழும்பிலும் 28-ல் டில்லியிலும் கையெழுத்து. வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் மக்களவையில் அறிக்கை வாசித்தது ஜூலை 23-ல். ஏறக்குறைய நாலு வாரம் கழித்து! அன்று எழுந்து எதிர்த்தவர்களில் ஒருவர் உங்கள் ஊர் எம்.பி. இரா. செழியன். இன்னொருவர் பி.கே. மூக்கையாத் தேவர், ராமநாதபுரம் எம்.பி. அவருடைய வாக்காளர்கள் வலை காயப்போட்ட தீவு அது. எதிர்த்துப் பேசினார்கள், தி.மு.க. வெளிநடப்புச் செய்தது, தீவு இலங்கைக்குப் போனது போனதுதான்.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. மேற்கு வங்கத்துப் பெருபாரியைப் பாகிஸ்தானோடு பங்கிட 1958-ல் நேரு ஒப்புக்கொண்டார். இந்திய மண்ணை விட்டுக்கொடுக்க அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டும் என்று 1960-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒன்பதாவது திருத்தம் அப்படி வந்தது. 2015-ல் வங்கதேசத்தோடு நிலத்திட்டுகளை மாற்றிக்கொண்டபோதும் நூறாவது திருத்தம் தேவைப்பட்டது. கச்சத்தீவுக்கு மட்டும் ஏன் இல்லை? ‘நாங்கள் மண்ணைக் கொடுக்கவில்லை, தகராறில் இருந்த எல்லைக் கோட்டைத் தீர்த்தோம்’ என்பது அரசின் வாதம். கொடுத்தால் ஓட்டெடுப்பு, கோடு போட்டால் அறிக்கை. ஒரு சொல்லை மாற்றியதில் 543 பேரின் வேலை மிச்சமாகிவிடுகிறது பாருங்கள். என்னைக் கேட்டால், அன்றைக்கு வெளிநடப்புச் செய்தவர்களைவிட இந்தச் சொல்லைக் கண்டுபிடித்த அதிகாரிதான் கெட்டிக்காரர்.

கேள்வி: அமெரிக்காவில் எப்படி? (கோவை வாசகர்)

அங்கே ஒப்பந்தத்துக்கு செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். முதல் உலகப் போர் முடிந்து, வெர்சாய் உடன்படிக்கையை அதிபர் உட்ரோ வில்சன் தானே பாரிஸில் மாதக்கணக்கில் உட்கார்ந்து பேசி முடித்து ஊருக்குக் கொண்டுவந்தார். 1919-ல் ஒரு தடவை, 1920-ல் ஒரு தடவை, செனட் திருப்பி அனுப்பிவிட்டது. உலக நாடுகள் சங்கத்துக்கு யோசனை சொன்னவர் வில்சன். அதில் கடைசிவரை சேராத நாடு அமெரிக்கா!

போர் விஷயத்தில் இந்த வீறாப்பெல்லாம் செல்லாது. அமெரிக்க காங்கிரஸ் முறைப்படி கடைசியாகப் போர்ப் பிரகடனம் செய்தது 1942-ல். அதற்குப் பிறகு அமெரிக்கா எங்கேயும் சண்டைக்கே போகவில்லை என்று வியட்நாமில் போய்ச் சொல்லிப் பாருங்கள். பொறுக்காமல் 1973-ல், நிக்சனின் தடையையும் மீறி ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள்: படையை அனுப்பினால் 48 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும், அனுமதியில்லாமல் 60 நாளுக்கு மேல் சண்டை நீடிக்கக் கூடாது. அதிபர்கள் தகவல் அனுப்புகிறார்கள். தகவலோடு சரி.

கேள்வி: ஒப்பந்தத்துக்கு ஓட்டு வேண்டாம் என்றால், 2008-ல் அமெரிக்காவோடு அணுசக்தி உடன்பாட்டுக்கு ஏன் ஓட்டெடுப்பு நடந்தது? (திருச்சி வாசகர்)

உடன்பாட்டின் மீது நடக்கவில்லை ஐயா, மன்மோகன் சிங் நாற்காலியின் மீது நடந்தது. இடதுசாரிகள் ஆதரவை விலக்கிக்கொண்டதால் ஜூலை 22 அன்று நம்பிக்கை வாக்கு. 275-க்கு 256. அவைக்குள்ளேயே கட்டுக்கட்டாக ரூபாய் நோட்டை எடுத்துக் காட்டினார்கள், நாடே டி.வி.யில் பார்த்தது. கையெழுத்தைத் தடுக்க எம்.பி.க்கு வழியில்லை, கையெழுத்துப் போடுகிறவரை இறக்க வழியுண்டு. யானையை அடக்க முடியாவிட்டால் பாகனைப் பிடிப்பது.

நிஜமான பிடி இரண்டு வருஷம் கழித்துத்தான் கிடைத்தது. விபத்து நடந்தால் இழப்பீடு யார் தருவது என்ற சட்டம் 2010-ல் வந்தபோது, உலையின் பாகங்களை விற்ற கம்பெனியிடமும் பணம் கேட்கலாம் என்ற 17-வது பிரிவை எதிர்க்கட்சிகள் இழுத்துக் கட்டின. போபாலை யாரும் மறக்கவில்லை. வெளிநாட்டு உலைக் கம்பெனிகளுக்கு அந்தப் பிரிவு வருஷக்கணக்கில் தொண்டையில் முள்ளாக நின்றது.

கேள்வி: ராணுவ ரகசியத்தை எம்.பி. கேள்வி நேரத்தில் கேட்கலாமா? (வேலூர் வாசகர்)

கேட்கலாம். ‘தேசப் பாதுகாப்பைக் கருதி வெளியிட இயலாது’ என்று பதில் வரும். மக்களவை விதி இன்னொன்றும் சொல்கிறது: நட்பு நாட்டைப் பற்றி மரியாதைக் குறைவாகக் கேள்வி கேட்கக் கூடாது. சக உறுப்பினரைத் திட்டினால் அவைக்குறிப்பிலிருந்து நீக்குவார்கள், நட்பு நாட்டைத் திட்டினால் கேள்வியையே ஏற்க மாட்டார்கள். நட்பு நாடாகப் பிறந்திருக்கலாம்!

ஒரு தடவை பாஸ் வாங்கிப் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தேன். சுவாரசியத்தில் கொஞ்சம் முன்னால் குனிந்ததற்குக் காவலர் தோளில் தட்டினார். கீழே ஓர் உறுப்பினர் நன்றாகவே சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். அவரை யாரும் தட்டவில்லை.

கேட்கத் தெரிந்தவர்களும் அங்கே இருந்தார்கள். அக்சாய் சின்னில் புல்கூட முளைக்காது என்கிற தோரணையில் நேரு பேசியபோது, மகாவீர் தியாகி தன் வழுக்கைத் தலையைத் தொட்டுக் காட்டி, இங்கேயும்தான் ஒன்றும் முளைக்கவில்லை, இதையும் கொடுத்துவிடலாமா என்று கேட்டதாகச் சொல்வார்கள். கேட்டவர் காங்கிரஸ்காரர். 1962-ல் சீனாவோடு சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே அவையைக் கூட்டச் சொன்னார் மாநிலங்களவையில் இருந்த வாஜ்பாய். நவம்பர் 8-ல் கூட்டினார்கள். ரகசியக் கூட்டமாக வைத்துக்கொள்ளலாம் என்றவர்களுக்கு நேரு இசையவில்லை. பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனனின் பதவி போனதற்குச் சொந்தக் கட்சி எம்.பி.க்களின் நெருக்கடி பெரிய காரணம்.

கேள்வி: பட்ஜெட் எம்.பி.க்கள் கையில்தானே? அதைப் பிடித்து நிறுத்தக் கூடாதா? (சேலம் வாசகர்)

2025-26-ல் பாதுகாப்புக்கு 6.81 லட்சம் கோடி, வெளியுறவுத் துறைக்கு இருபதாயிரத்து ஐந்நூறு கோடி சொச்சம். துப்பாக்கிக்கு 33 ரூபாய் என்றால் பேச்சுவார்த்தைக்கு ஒரு ரூபாய். இவ்வளவு பணத்தைத் துறை துறையாக விவாதிக்க நேரம் போதாமல், கடைசி நாளில் மிச்சத்தையெல்லாம் சேர்த்து ஒரே வெட்டாக நிறைவேற்றுவார்கள். ‘கில்லட்டின்’ என்பது அதற்கு அவர்களே வைத்த பெயர். 2018-ல் எந்தத் துறைக்குமே விவாதம் இல்லை, அமளிக்கு நடுவே முழு பட்ஜெட்டும் போய்ச் சேர்ந்தது. நம் வீட்டில் கேபிள் பில்லுக்கே இதைவிட நேரமாகும்.

கேள்வி: தனியாகவே வெளியுறவுக் கொள்கை நடத்திய எம்.பி. உண்டா? (தூத்துக்குடி வாசகர்)

உங்கள் பக்கத்து மாவட்டத்துக்காரரையே என்னிடம் கேட்கிறீர்களே! இந்திய அமைதிப்படை இலங்கையில் புலிகளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த 1989-ல், மாநிலங்களவை உறுப்பினர் வை. கோபால்சாமி கள்ளத்தோணியில் வன்னிக்குப் போய்ப் பிரபாகரனைச் சந்தித்துவிட்டு வந்தார். பாஸ்போர்ட், விசா, பயணப்படி எதுவும் இல்லாத வெளிநாட்டுப் பயணம். டில்லிக்கும் தர்மசங்கடம், அவருடைய தலைவர் கலைஞருக்கும் தர்மசங்கடம்.

அரசே விமானம் ஏற்றி அனுப்புவதும் உண்டு. 1994-ல் காஷ்மீர் விவகாரத்துக்காக ஜெனீவாவுக்கு நரசிம்ம ராவ் அனுப்பிய குழுவின் தலைவர், எதிர்க்கட்சித் தலைவர் வாஜ்பாய். 2025-ல் ஆபரேஷன் சிந்தூருக்குப் பிறகு ஏழு குழுக்கள் கிளம்பின. ஒன்றுக்குக் கனிமொழி தலைவர், ரஷ்யா, ஸ்பெயின் என்று போய் வந்தார். ஒப்பந்தத்துக்கு முன்னால் எம்.பி. நினைவு வராது. சண்டையை ஊருக்கு விளக்க வேண்டும் என்றால் மட்டும் கட்சி பேதமில்லாமல் நினைவு வந்துவிடுகிறது.

கேள்வி: உளவுத்துறையைக் கேள்வி கேட்பது யார்? (சென்னை வாசகர்)

‘ரா’ 1968-ல் தொடங்கியது. அதற்கென்று நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் கிடையாது, மேற்பார்வைக்கு எம்.பி.க்கள் குழுவும் கிடையாது. உங்கள் கேள்வியை இங்கேயே முடித்துக்கொள்வோம், போன் வேறு விட்டுவிட்டு அடிக்கிறது.

கேள்வி: என் மகனுக்குக் கனடா விசா இரண்டு தடவை மறுத்துவிட்டார்கள். எங்கள் எம்.பி. கடிதம் கொடுத்தால் கிடைக்குமா? (நாமக்கல் வாசகி)

கடிதம் கிடைக்கும்.