ஏட்டின் ஓரம்

என் அப்பா எங்கள் ஊர் மணியக்காரர். பிறப்பு இறப்புப் பதிவேடு எங்கள் வீட்டு மரப்பெட்டியில்தான் இருந்தது. யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும் தலையாரி வந்து சொல்வார். அப்பா தேதி, தகப்பன் பெயர், ஆணா பெண்ணா என்பதை எழுதிக்கொள்வார். பிள்ளையின் பெயருக்கான இடம் பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். அந்த ஏட்டைத் தேடி யாரும் வந்து நான் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்க, தலைக்கு மேலாகக் கையை வளைத்துக் காதைத் தொட்டால் போதும். பிறந்த தேதியைத் தலைமையாசிரியரே ஜூன் மாதத்தில் ஒரு நாளாகப் போட்டுவிடுவார்.

ஏட்டைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. மனிதரிடம்தான் ஊர் கெடுபிடி காட்டியது. மேலத்தெருவில் ஆணென்று எழுதப்பட்ட பிள்ளை ஒன்று வளர வளரப் பெண்ணாகவே இருந்தது. தகப்பன் புளியவிளாறால் அடித்தார். பூசாரி வேப்பிலை அடித்தார். மீசை முளைக்கிற வயதில் அந்தப் பிள்ளை ஊரை விட்டே போய்விட்டது. ஊர் அதைக் கூப்பிட்ட பெயர்களை எழுத எனக்குக் கை வரவில்லை. பிறகு எந்தத் தகவலும் இல்லை.

1980இல் மணியக்காரர் பதவியை அரசு ஒழித்தது. பின்னாளில் நான் வி.ஏ.ஓ. ஆனேன். பிறப்பு அறிக்கைப் படிவத்தில் பாலினத்துக்கு நேராக, 'ஆண்' அல்லது 'பெண்' என எழுத வேண்டும், சுருக்கக் கூடாது என்று குறிப்பு இருக்கும். பிறந்த குழந்தையைப் பார்த்து எதுவென்று மருத்துவச்சியே தயங்கிய வீடுகளும் உண்டு. அந்தத் தயக்கத்தை எழுதப் படிவத்தில் இடம் இருந்ததில்லை.

அதன் பிறகு நடந்தவை எனக்குப் பெரும் ஆறுதல். 2008இல் தமிழ்நாட்டில் திருநங்கையர் நலவாரியம் வந்தது. 2014 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், தம் பாலினம் எதுவென்று சொல்லும் உரிமை அவரவருக்கே என்றது. 2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தூத்துக்குடியில் நடந்த ஒரு திருநங்கையின் திருமணத்தைப் பதிவு செய்யச் சொன்ன அதே தீர்ப்பில், இடைப்பாலினக் குழந்தைகளுக்கு ஆண் பெண் என்று ஒன்றை முடிவுகட்டிச் செய்யும் அறுவைசிகிச்சையையும் தடுக்கச் சொன்னது. சில மாதங்களில் தமிழ்நாடு அரசு ஆணையும் போட்டது. மருத்துவச்சி தயங்கிய அந்த வீடுகளை அன்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் 2025இல் என் தங்கை தன் மகளோடு வீட்டுக்கு வந்தாள். ஆணென்று பதிவான பிள்ளை. எங்கள் குடும்பம் அவளை மகளாகவே ஏற்றுக்கொண்டது. மேலத்தெருப் பிள்ளைக்குக் கிடைக்காதது இவளுக்குக் கிடைத்தது. கலெக்டர் கொடுத்த அடையாளச் சான்றிதழும் கையில் இருந்தது. வெளிநாட்டு வேலைக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். பதிவு அலுவலகத்தில், பிழையாக இருந்தால்தான் திருத்த முடியும், அன்றைக்கு எழுதியதில் பிழை இல்லையே என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"அன்னைக்கு எழுதுனது தப்புன்னு நான் சொல்லலையே மாமா. இன்னைக்கு நான் யாருன்னுதானே கேக்குறாங்க?" என்றாள்.

1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15ஆம் பிரிவும் அலுவலகத்தில் சொன்னதைத்தான் சொல்கிறது. பதிவு பிழையாகவோ முறைகேடாகவோ இருந்தால், பழைய எழுத்தை அழிக்காமல் ஏட்டின் ஓரத்தில் குறிப்பெழுதித் தேதியிட்டுக் கையெழுத்துப் போடலாம். ஆனால், திருநங்கை, திருநம்பியர் சான்றிதழ் பெற்ற பின் ஆவணங்களில் அதன்படியே பதிய வேண்டும் என்பது 2019ஆம் ஆண்டுச் சட்டம். இரண்டுக்கும் நடுவில் கர்நாடக உயர் நீதிமன்றம் 2024 டிசம்பரில் ஒரு வழி சொன்னது: சட்டம் திருத்தப்படும் வரை பழைய பெயர், பாலினத்தோடு புதியதையும் சேர்த்தே சான்றிதழ் கொடுங்கள். கதவைத் திறந்த தீர்ப்பு அது, அதை மறுப்பதற்கில்லை. என்றாலும் அப்படி ஒரு தாள் கிடைத்தால், அதை நீட்டுகிற ஒவ்வொரு இடத்திலும் என் மருமகள் தன் கதையை முதலிலிருந்து சொல்லியாக வேண்டும்.

ஏடு வேறு, சான்றிதழ் வேறு. இதே சட்டத்தின் 17ஆம் பிரிவு, ஏட்டில் எழுதிய இறப்புக் காரணத்தை, கொடுக்கும் நகலில் காட்டக் கூடாது என்கிறது. செத்தவருக்குக் கொடுக்கும் இந்த மறைவை உயிரோடிருப்பவருக்கு ஏன் கொடுக்கக் கூடாது? பழையது ஏட்டில் இருக்கட்டும், ஓரத்தில் குறிப்பு ஏறட்டும். கையில் தரும் தாளில் இன்றைய பெயரும் பாலினமும் மட்டும் இருக்கட்டும்.

2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். அவர்களில் என் மருமகளைப் போன்றவர்களும் இருப்பார்கள். 15ஆம் பிரிவின் கீழ் எப்போது, எந்த நிபந்தனையில் திருத்தலாம் என்று விதி செய்யும் அதிகாரம் மாநில அரசின் கையில் இருக்கிறது. முதன்முதலில் நலவாரியம் கண்ட தமிழ்நாடு, அந்த விதியையும் தாமதிக்காமல் எழுத வேண்டும்.