இரண்டாம்பாகவியல்: ஹெந்தளைப் பாடமும் உரையும்

முன்படம் போற்றுநர், பின்படம் தூற்றுநர்,
பாரா துரைப்போர், பார்த்தும் உரையார் என
நால்வகைப் படூஉம் ரசிகர், அவருள்
ஐந்தாம் அவரும் உளரென மொழிப.

இதன் பொருள்: காலந்தாழ்த்தி வந்த இரண்டாம் பாகத்தைப் பற்றி வாதிடும் ரசிகர் நான்கு வகைப்படுவர், ஐந்தாவதாகவும் ஒரு கூட்டம் உண்டென்று சொல்வார்கள்.

நான்கென்று எண்ணி ஐந்தாவது கூறியது என்னையெனின், கணக்குப் பிழை அன்று. மூன்று மணி நேரப் படத்தைப் பற்றிய நூற்பா ஆதலின் இடையில் எண்ணம் நழுவிற்று என்க. ‘மொழிப’ என்றது இலங்கையில், வத்தளைப் பக்கம், ஹெந்தளைச் சந்திக்குக் கிட்ட உள்ள ஒரு சலூனில் வாங்கில் குந்தியிருப்போரை. அவர்கள் எல்லாரும் முடிவெட்ட வந்தவர்கள் அல்லர். மின்விசிறி அங்கே நன்றாக ஓடும்.

இந்நூலுக்கு இலக்கியம் ‘இந்தியன்’. முதற்படம் 1996 மே 9இல் வந்தது, இரண்டாவது 2024 ஜூலை 12இல். இடைவெளி 28 ஆண்டு. முதற்படம் வந்த நாளில் கமல் வெட்டுக் கேட்டு இந்த நாற்காலியில் ஏறியவர்கள் இன்று சாயம் பூசிக்கொள்ள ஏறுகிறார்கள்.

இனி முன்படம் போற்றுநர். இவர் இரு துறையினர்: தியேட்டரில் கண்டவர், படக்கொப்பியில் கண்டவர். தியேட்டரில் கண்டவர் தொகையிற் சிறியர், ஆகவே விடுக. படக்கொப்பியாரே மரபு வழுவாதவர். 1996 மார்ச்சில் இலங்கை உலகக் கிண்ணம் வென்றது; அதே வருடம் மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்ற, மின்வெட்டு நாளுக்கு எட்டு மணி நேரம் வரைக்கும் போனது. வாடகைக்கு எடுத்த டெக், இரவல் டிவி, ஒரே அறைக்குள் மூன்று குடும்பம். முந்திய வருட இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்தை விட்டு வந்து வத்தளைப் பக்கம் அறை எடுத்திருந்தவர்களும் அதற்குள் அடக்கம். தகப்பன் சேனாபதி லஞ்சம் கொடுக்க மறுத்ததால் மகள் கஸ்தூரி தீக்காயத்தோடு துடிக்கிற இடத்தில் கரண்ட் போய்விடும். மறுபடி வரும்வரை அந்தப் பிள்ளை சாகாது. மெழுகுதிரி வெளிச்சத்தில் இருந்த பெண்களில் ஒருத்தி அவளுக்காக நேர்த்தி வைத்ததாகவும் பாடம் உண்டு. கரண்ட் வந்தது, நேர்த்தி பலிக்கவில்லை. இப்படி முதற்பாகத்தையே நான்கு பாகமாகப் பார்த்தவர்கள் என்பதால், இரண்டாம் பாகம் என்ற சொல் இவர்களுக்குப் புதிதல்ல.

இத்துறையின் தலைவர் திரீவீல் ஓட்டும் ஒரு தம்பி. படம் வந்தபோது அவருக்கு ஏழு வயது. பிரேக் சரியில்லாத பஸ்ஸுக்குக் காசு வாங்கிக்கொண்டு சேனாபதியின் மகன் சந்துரு சான்றிதழ் கொடுத்ததையும், பள்ளிப் பிள்ளைகள் செத்ததையும், பெற்ற மகனென்றும் பாராமல் சேனாபதி கத்தி எடுத்ததையும் அவர் சொல்லும்போது குரல் கம்மும். சலூன்கார அண்ணன் கத்தரிக்கோலை நிறுத்தி வைப்பார்.

பின்படம் தூற்றுநர் கையில் எடுப்பது அணியிலக்கணம். இயக்குநர் ஷங்கர் பாணிக்குரிய அணிகள் பல எனினும் மூன்றே தலைமையானவை. ஒன்று போதுமான இடத்தில் ஆயிரத்தை நிறுத்துவது பெருக்கணி. ‘ஜீன்ஸ்’ படத்தில் ஒரு பாட்டுக்கு உலக அதிசயங்கள் ஏழும் வேண்டியிருந்தது. ‘எந்திரன்’ முடிவில் ஒரு ரோபோ போதாமல் நூற்றுக்கணக்கில் சேர்ந்து உருண்டையாகவும் பாம்பாகவும் எழுந்தன. குற்றத்துக்குத் தக்கபடி, கூடுமானால் சற்று மிகையாக, தண்டனைக்கு ஒரு சாத்திரப் பெயர் தேடுவது தண்டனையணி. ‘அந்நியன்’ கருட புராணத்தைப் புரட்டினான். சேனாபதிக்கு இரண்டு விரலும் வர்மமும் போதும்.

மூன்றாவது இழப்பணி. மற்ற இரண்டும் காசிருந்தால் யாருக்கும் வரும். இது அந்த இயக்குநருக்கே உரியது என்று இவ்வுரைகாரன் துணிவான். ஊரைத் திருத்தப் புறப்படுகிறவன் வீட்டில் முதலில் ஒரு சாவு விழ வேண்டும். ‘ஜென்டில்மேன்’ படத்தில் தாயும் நண்பனும், ‘முதல்வன்’ படத்தில் பெற்றோர், ‘அந்நியன்’ படத்தில் தண்ணீர் நின்ற தெருவில் மின்கம்பி பட்டுச் செத்த தங்கை. ‘இந்தியன்’ ஒரு படி மேலே போய் முதலில் மகளை எடுத்து, கடைசியில் தகப்பன் கையாலேயே மகனையும் எடுத்தது. அதற்கு மேல் ஏற எந்த இயக்குநருக்கும் படி கிடையாது. ஆகவே இரண்டாம் படத்தில் சேனாபதி தைப்பேயிலிருந்து வெறுங்கையோடு வருகிறார். இழப்பை யூடியூப்காரப் பையன் சித்ரா அரவிந்தன் தலையில் இறக்கி வைத்துவிட்டார்கள். அவனோடு நமக்கு அவ்வளவு பழக்கமில்லை. படம் சறுக்கியது இங்கேதான், ஓட்டத்தின் நீளத்தில் அல்ல.

இதை நான் சலூனில் எடுத்துச் சொன்னபோது திரீவீல் தம்பி மறுத்தார்: “அண்ணே, நூறு வயசு ஆளுக்கு இழக்க என்ன இருக்கு? பல்லு மட்டுந்தான்.”

நூறு வயது என்றதும் வயதாராய்ச்சி எனும் கிளைத்துறை பிறந்தது. அதற்கு ஆசிரியர் யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர், ஓய்வுபெற்ற கணக்காளர். “தம்பி, நேதாஜியோடை நிண்டவர் எண்டால் உவருக்கு இப்ப நூறு தாண்டியிருக்க வேணும். உவர் ஒற்றைச் சில்லு சைக்கிளிலை ஓடித் தப்புறார். எனக்கு பஸ் படியேறவே கை குடுக்க ஆள் வேணும்.” வர்மக்கலை தெரிந்தவர்கள் நெடுங்காலம் திடமாக இருப்பார்கள் என்று இயக்குநர் விளக்கம் சொல்லியிருப்பதை எடுத்துக்காட்டினேன். ஐயா கொஞ்சம் யோசித்தார். “அப்ப வர்மம் படிப்பிக்கிற இடம் எங்கை எண்டு விசாரி.”

தாமதத்துக்குக் காரணம் கேட்பாரும் உளர். படப்பிடிப்பு 2019 ஜனவரியில் தொடங்கியது. அடுத்த வருடம் பெப்ரவரி 19இல் தளத்தில் கிரேன் விழுந்து மூவர் இறந்தனர். பிறகு கொரோனா, பிறகு தயாரிப்பாளருக்கும் இயக்குநருக்கும் வழக்கு. அந்தத் தயாரிப்பாளரான லைக்கா சுபாஸ்கரன் முல்லைத்தீவில் பிறந்தவர் என்பதால், படம் பிடிக்காவிட்டாலும் நட்டக் கணக்கை மட்டும் சொந்தக் கவலையாக எடுத்துக்கொள்ளும் ஊர்ப்பாசத்தார் சிலர் இருக்கிறார்கள். விவேக்கும் நெடுமுடி வேணுவும் 2021இல் காலமானார்கள். 2024இல் திரையில் வந்து பேசினார்கள். முதற்படத்துக்கு வசனம் எழுதிய சுஜாதா 2008இலேயே போய்விட்டார். இதைச் சொன்னால் சலூனில் கத்தரிக்கோல் சத்தம் மட்டும் கேட்கும்.

பாராது உரைப்போர் இலக்கணம் சுருக்கமானது. படம் வந்த சில நாளில் சுமார் 12 நிமிடத்தை வெட்டினார்கள் என்ற செய்தியை வைத்தே மீதியை விமர்சிப்பவர் இவர். இவர் வாதத்தில் பிழை காண்பது கடினம், ஏனெனில் மேற்கோளே இராது. பார்த்தும் உரையார் என்போர், களனி ஆற்றைத் தாண்டி வெள்ளவத்தை வரை போய், டிக்கட்டுக்கும் பொப்கோர்னுக்கும் குடும்பத்தோடு செலவழித்துத் திரும்பியவர். அவர் மௌனத்தைக் குலைப்பது பண்பன்று.

இந்நூற்பா தமிழ்நாட்டிலும் செல்லுமே, ஹெந்தளைக்கு என்ன சிறப்பு என வினவின், சிறப்பு ஜூலை மாதத்தில் உள்ளது. படத்தில் ‘திரும்பி வா’ என்று சேனாபதியை அழைத்த பிள்ளைகளே பிறகு ‘திரும்பிப் போ’ என்று கத்துகிறார்கள். நம்பும்படியாக இல்லை என்று சென்னையில் எவரேனும் சொல்லியிருக்கலாம். இங்கே அந்த ஆட்சேபம் எழவில்லை. 2019இல் வாக்குப்போட்டு வரவழைத்த ஜனாதிபதியை 2022 ஜூலை 9இல் மாளிகைக்குள் புகுந்து போகச்சொன்ன நாடு இது. படம் வந்தது அதன் இரண்டாம் ஆண்டு நினைவு கழிந்த மூன்றாம் நாள். திரீவீல் தம்பி அந்த வருடம் பெற்றோல் வரிசையில் இரண்டு இரவு வண்டிக்குள்ளேயே படுத்தவர். “தைப்பேயில இருந்து வாறவர் கட்டுநாயக்காவில இறங்கியிருக்கணும் அண்ணே. இங்க வேலை கிடக்கு.”

ஐந்தாம் வகை. ‘அவருள்’ என்றதன் உருபை நோக்குக. ஐந்தாமவர் வெளியிலிருந்து வருபவர் அல்லர். மேற்சொன்ன நால்வருக்குள்ளேயே இருப்பவர். படம் நடுவில் ஒன்றைக் கேட்கிறது: ஊரான் ஊழலை விடு, உன் வீட்டுக்குள் யார் வாங்குகிறார், யார் கொடுக்கிறார் என்று பார். வயதை ஆராய்ந்தார்கள், சைக்கிளை ஆராய்ந்தார்கள், அனிருத் இசையையும் ரஹ்மான் இசையையும் தராசில் வைத்தார்கள். இதை மட்டும் எடுத்துப் பேசிய ஒருவரை நான் சந்திக்கவில்லை. என் அணியிலக்கணத்திலும் இதற்கு இடம் விழவில்லை.

அன்று சலூனை விட்டு இறங்கியபோது தம்பி என்னை வீட்டில் விட்டுவிடுவதாகச் சொன்னார். கால்வாய்ப் பாலம் வரை சேனாபதி புகழ். பாலத்தில் வண்டியை ஓரங்கட்டினார்.

“அண்ணே, வண்டி கொஞ்சம் புகை தள்ளுது. சேர்டிபிகேட் இந்த மாசம் எடுக்கணும். உள்ளுக்கு யாரையும் தெரியுமா?”

தெரியும். போன வருடம் எனக்குச் செய்து தந்தவர். போனை எடுத்து இலக்கத்தைச் சொன்னேன், அவர் குறித்துக்கொண்டார்.

“என் பேரைச் சொல்லுங்க,” என்றேன். “குறைச்சு எடுப்பார்.”