பாலத்துக்கு அந்தப் பக்கம்

ஸ்ரீரங்கத்திலிருந்து திருச்சி சத்திரம் பேருந்து நிலையம் நாலைந்து கிலோமீட்டர்தான். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறினால், மாம்பழச்சாலை சிக்னல் மனது வைக்கும் பட்சத்தில், அரை மணிக்குள் இறங்கிவிடலாம். 1994-ல் ஸ்ரீரங்கத்தைத் திருச்சி மாநகராட்சியோடு சேர்த்தும்விட்டார்கள். இதையெல்லாம் என் அத்தைக்கு யாரும் முறைப்படி தெரிவிக்கவில்லை. நடுவில் காவிரி ஓடுகிறது. ஆற்றைத் தாண்டினால் வெளியூர். வெளியூர்ப் பயணத்தை நினைத்தவுடன் கிளம்பிவிட முடியுமா?

முதலில் நாள் பார்க்க வேண்டும். செவ்வாய் ஆகாது. வெள்ளிக்கிழமை வீட்டைப் பூட்டிக்கொண்டு போகக் கூடாது. ஞாயிறு பெரிய கடைவீதியில் கூட்டம் தாங்காது. மிச்ச நாட்களில் ராகுகாலத்தையும் ஏகாதசியையும் கழித்தால், நம்பெருமாள் புறப்பாடு குறுக்கே வரும். பெருமாள் வீதிக்கு வரும்போது நாம் ஊரில் இல்லாமல் இருப்பதாவது! அவருக்கோ வருஷத்தில் பாதி நாள் உற்சவம். இத்தனையும் தப்பிப் பிழைத்த ஒரு புதன்கிழமை, துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு அத்தை கிளம்பினாள்.

பையில் குடை, மாத்திரை, தயிர்சாதம், மாவடு, இரண்டு பாட்டில் தண்ணீர்.

"தண்ணி எதுக்கு அத்தை? அங்கே கிடைக்காதா?"

"திருச்சித் தண்ணி எனக்கு ஒத்துக்காதுடா."

இரண்டு ஊரும் குடிப்பது காவிரி, கொள்ளிடத்து மணலில் தோண்டிய கிணறுகளின் தண்ணீரைத்தான். இதைச் சொன்னால், "மணல் ஒண்ணா இருக்கலாம், குழாய் வேறதானே?" என்பாள். பதில் கிடையாது.

தெற்கு வாசல் நிறுத்தத்தில் காலியாக வந்த தனியார் பஸ் ஒவ்வொன்றையும் கையாட்டி வழியனுப்பினாள். 2021-லிருந்து அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. கடைசியில் வந்த அரசு பஸ்ஸில் நிற்கத்தான் இடம். இலவச டிக்கெட்டைக் கேட்டு வாங்கிப் பத்திரமாகப் பர்சில் வைத்துக்கொண்டவள், என் டிக்கெட்டுக்கு நான் பணம் கொடுப்பதைப் பார்த்து, "அநியாயம்" என்றாள்.

பாலத்தில் பஸ் ஏறியதும் அத்தனை தலையும் ஜன்னல் பக்கம் திரும்பின. செல்போன் பார்த்துக்கொண்டிருந்த பையன்கூடத் திரும்பினான். ஆற்றங்கரையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். ஆனாலும் தண்ணீர் எவ்வளவு போகிறது என்று பார்க்காமல் இந்தப் பாலத்தைத் தாண்டுகிறவர் இல்லை. ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்தார்களா, முக்கொம்புக்கு எப்போது வந்தது, இங்கே எத்தனை மதகுத் தண்ணீர் என்று பஸ்ஸுக்குள் நீர்வளத்துறையின் அவசரக் கூட்டமே நடக்கும். தண்ணீர் இருந்தால் கும்பிடு. மணல் தெரிந்தால் கர்நாடகத்தில் தொடங்கி டிரைவர் வரைக்கும் வசவு.

1976-ல் திறந்த இந்தப் பாலத்தை 2022 கடைசியில் பழுதுபார்க்க மூடி, அடுத்த ஆண்டு மார்ச்சில்தான் திறந்தார்கள். அந்த மாதங்களில் அத்தை அக்கரைப் பக்கமே போகவில்லை. ஓயாமரி வழியாகச் சுற்றிப் போகலாம் என்றேன். அங்கேதான் சுடுகாடு. "அந்த வழியா ஒருதரம் போவேன், அப்போ பஸ்ஸுக்குக் காத்திருக்க மாட்டேன்" என்றாள்.

ஸ்ரீரங்கத்திலிருந்து திருச்சிக்கு முதன்முதலில் போனவன் விபீஷணன். அரங்கனை இலங்கைக்கு எடுத்துப்போகிற வழியில், காவிரிக்கரையில் ஒரு மாட்டுக்காரப் பையனிடம் கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்ளக் கொடுத்தான். பையன் கீழே இறக்கி வைத்துவிட்டான், அரங்கன் அப்புறம் நகரவில்லை. அவனைத் துரத்திக்கொண்டே மலைக்கோட்டை உச்சி வரை ஓடி, தலையில் ஒரு குட்டும் குட்டிவிட்டுப் பார்த்தால், பையன் பிள்ளையார். போன காரியம் நடக்கவில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இன்றுவரை அதே ராசி. விபீஷணனுக்கு முழங்கால் வலி இல்லை, ஓடினான். நானூறு சொச்சம் படி அத்தைக்கு ஆகாது. அடிவாரத்து மாணிக்க விநாயகர் முன்னால் நின்று தோப்புக்கரணம் போட்டு, "மேலே இருக்கறவர்ட்ட நீயே சொல்லிடு" என்று முடித்துக்கொண்டாள்.

வந்த காரியம், ஒரு பட்டுப் புடவைக்கு மேட்சிங் ரவிக்கைத் துணி. புடவை அரக்கு. நான் அரக்கில் ஒரே நிறம்தான் உண்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் ஒன்றன்மேல் ஒன்றாகத் துணிக்கட்டுகளைத் தட்டி விரித்தார். அத்தை ஒவ்வொன்றின் முனையையும் புடவைத் தலைப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று வாசலுக்குப் போய் வெயிலில் காட்டுவாள். கட்டும் கூடவே உருண்டு போகும். பின்னாலேயே கடைப் பையன் ஓடுவான். வெயிலில் ஒரு தரம், நிழலில் ஒரு தரம், குடையை விரித்து அதற்கடியில் ஒரு தரம்.

"அதே கலர்தாம்மா" என்றார் கடைக்காரர்.

"உங்க டியூப்லைட்டுக்கு அதே கலர். எங்காத்துக் கல்யாணம் காலம்பற முகூர்த்தம்."

இப்படி நாலு கடை. நாலாவது கடைக்காரர், நொந்துபோய், "நீங்க எந்த ஊரும்மா?" என்றார். அத்தை ஸ்ரீரங்கம் என்றாள். "தெற்கு வாசல்ல எங்க அண்ணன் கடை இருக்கு, அங்கே பாருங்களேன்" என்றார் அவர். சரக்கு ஒன்றுதானாம்.

துணி வாங்காமல், எங்கள் தெருமுனைக் கடையில் தாராளமாகக் கிடைக்கும் ஒரு டீ வடிகட்டியை வாங்கிக்கொண்டோம். வந்ததுதான் வந்தோம் என்று தில்லைநகரில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் போனோம். அங்கே, "இவ்வளவு தூரம் வந்துட்டு, ராத்திரி தங்காமப் போறதாவது மன்னி!" என்று வாசல் கதவைச் சாத்தித் தாழ்போட்டார்கள். அத்தைக்கு முகம் வெளுத்துவிட்டது. மறுநாள் கோயிலில் விஸ்வரூப சேவை, பால்காரன், மாடியில் காயும் வடாம் என்று காரணங்களை அடுக்கி வெளியே வருவதற்குள் ஏழு மணி. ஊர் எல்லையில் பஞ்சப்பூரில் புதுப் பேருந்து முனையம் வந்திருப்பதாகவும் அடுத்த தடவை அதைப் பார்க்கலாம் என்றும் பஸ்ஸில் சொன்னேன். மதுரை போகிற வழியா, அதற்கெல்லாம் இந்த ஜன்மத்தில் தெம்பில்லை என்றுவிட்டாள்.

திருச்சிவாசிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஸ்ரீரங்கத்திலிருந்து யாராவது உங்கள் வீட்டுக்கு வந்தால், தங்கச் சொல்லி உபசரித்துப் பயமுறுத்தாதீர்கள். நாலு மணிக்கே காபியைக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். இருட்டுவதற்குள் அவர்கள் பாலம் தாண்டியாக வேண்டும்.