சேப்பாக்கத்தின் இரண்டாம் நாள்: கணிப்பொறி ஆட்ட நிர்வாகம் குறித்து ஓர் ஆராய்ச்சி

1934ஆம் வருஷம் நவம்பர் 4ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, சென்னைச் சேப்பாக்கத்தில் மதராஸும் மைசூரும் மோதிய ஆட்டம், ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் என்ற பெருமையைவிட, அன்று தொடங்கி அன்றே முடிந்துபோனது என்ற விசித்திரத்தினாலேயே ஆராய்ச்சியாளன் கவனத்துக்கு உரியதாகிறது. எம். ஜே. கோபாலன் முதல் பந்தை வீசினார். மைசூர் 48 ரன்னில் சுருண்டது. மதராஸ் 130 எடுத்தது. மைசூர் மறுபடியும் வந்து 59இல் போய்ச் சேர்ந்தது. ஓர் இன்னிங்ஸும் 23 ரன்னும் வித்தியாசம். இடக்கைச் சுழல் வீரர் ஏ. ஜி. ராம் சிங் ஒருவரே 35 ரன் கொடுத்து 11 விக்கெட்டுகளை வாரிக்கொண்டார். திங்கட்கிழமைக்கும் சேர்த்து ஆபீசில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கக்கூடிய ஏதோவொரு குமாஸ்தாவுக்கு இதனால் இழைக்கப்பட்ட அநீதியைத் தொண்ணூறு வருஷம் கழித்தாவது துடைக்கவேண்டும் என்ற பரோபகார சிந்தையோடுதான், மதுரை மேலமாசி வீதியில் ஒரு மாடியறையில், அக்காள் மகன் கொண்டுவந்து வைத்த கணிப்பொறியில் அவ்வாட்டத்தை மறுபடி நடத்திப் பார்க்க நான் அமர்ந்தேன்.

யந்திரத்தின் தத்துவம் எளிது. ஒவ்வோர் ஆட்டக்காரரின் பழைய கணக்கும் அதன் வயிற்றில் கிடக்கிறது. பந்துக்குப் பந்து அது தனக்குள்ளே ஒரு சீட்டுக் குலுக்கி, அக்கணக்கின் விகிதாசாரப்படி ரன் என்றோ அவுட் என்றோ தீர்ப்புச் சொல்கிறது. யாரைப் பந்து போட அழைப்பது, யாரை எந்த வரிசையில் மட்டையோடு அனுப்புவது என்ற இரண்டு அதிகாரங்கள் மட்டுமே நிர்வாகிக்கு மிஞ்சுகின்றன. அமெரிக்கர் இவ்வித்தையைப் பேஸ்பாலுக்கெனச் சீட்டும் பகடையுமாகக் கணிப்பொறிக்கு முன்பே பயின்றவர்கள். அந்தப் பேஸ்பாலும் நமக்கு அவ்வளவு அந்நியமன்று: 1846இல் ஹோபோக்கனில் நிக்கர்பாக்கர் சங்கத்தார் 23க்கு 1 என்று தோற்ற ஆட்டத்தில், தரையில் ஒருமுறை குதித்தெழுந்த பந்தைப் பிடித்தாலும் அவுட் என்பதே விதி. வைகை மணலில் 'ஒன் பிட்ச் கேட்ச்' என்று நம் பையன்கள் தொண்டை கிழியக் கத்துவது இதுவேயன்றி வேறல்ல. அமெரிக்கர் 1860களில் கைவிட்ட தர்மத்தை ஆற்றில் தண்ணீர் வராத மாதங்களிலெல்லாம் நாம் பரிபாலித்து வருகிறோம்.

இவ்வளவு பெரிய யந்திரம் எதற்கு, நம்மிடம் புக் கிரிக்கெட் இல்லையா என்று பூர்வபட்சக்காரர் ஆட்சேபிக்கலாம். நியாயமான ஆட்சேபந்தான்; அதற்குரிய கணிதத்தைச் சற்று நிதானமாகவே பார்ப்போம். புத்தகத்தைக் கண்ணை மூடித் திறந்தால் இடப்பக்கத்து எண் எப்போதும் இரட்டைப்படை. ஆகவே கடைசி இலக்கம் 0, 2, 4, 6, 8 என்ற ஐந்தில் ஒன்று. பூஜ்யம் அவுட், எட்டு வந்தால் ஒரு ரன் என்பது எங்கள் வகுப்பின் சம்பிரதாயம். ஐந்து பந்துக்கு ஒரு விக்கெட் வீதம் பத்து விக்கெட்டுக்கு 50 பந்துகள். அவற்றில் ரன் தரும் பந்துகள் 40. ஒவ்வொன்றுக்கும் சராசரி மூன்றேகால் ரன். பெருக்கினால் 130 வருகிறது. மதராஸ் அன்று எடுத்ததும் 130! கணக்கை மூன்று தரம் போட்டுப் பார்த்தேன். மூன்றாம் தரம் கை சற்று நடுங்கியது. ஒரு சமூக பாடப் புத்தகம் எத்துணை சுத்தமாகச் சேப்பாக்கத்து ஆடுகளத்தின் மனத்தை அறிந்து வைத்திருக்கிறது என்பதைப் பல்கலைக்கழகங்கள் கவனிக்கவேண்டும்.

எனினும் அந்தப் புத்தகத்துக்கு ஒரு தோஷம் உண்டு. என்னுடைய பூகோளப் புத்தகம், எப்படித் திறந்தாலும், பருவக்காற்றுப் படம் இருந்த 46ஆம் பக்கத்தில்தான் விரியும். அந்த மடிப்பு எனக்குத் தெரியும், எதிரே உட்கார்ந்திருந்தவனுக்குத் தெரியாது. அவ்வருஷம் நான் அடித்த சிக்ஸர்களைப் பற்றி இதற்குமேல் எழுதுவது உசிதமன்று. பழைய ஆட்டத்தை மறுபடி நடத்துபவனுடைய தர்மசங்கடம் முழுவதும் அந்த மடிப்பில் அடங்கியிருக்கிறது: ராம் சிங் 11 விக்கெட் எடுப்பார் என்பது கோபாலனுக்குத் தெரியாது, மைசூராருக்குத் தெரியாது, ராம் சிங்குக்கே தெரியாது, எனக்குத் தெரியும். தெரிந்ததைத் தெரியாததுபோல் பாவித்துக்கொண்டு ஆடுவதே இச்சாஸ்திரத்தின் யோகம். அது எளிதில் கைவருவதன்று.

மூன்று இரவுகள் நான் உத்தமமாகவே நடந்துகொண்டேன்; மூன்று முறையும் மைசூர் பொழுது சாய்வதற்குள் மூட்டை கட்டியது. நாலாம் இரவு, இரு கட்சிக்கும் நானே நிர்வாகியாக இருக்கும் சௌகரியத்தை உத்தேசித்து, மைசூரின் இரண்டாம் இன்னிங்ஸில் மதராஸின் பந்துவீச்சை மிக விஸ்தாரமாக மாற்றியமைத்தேன். விளைவு அற்புதம். விக்கெட்டுகள் அவசரமின்றி விழுந்தன. திரையில் முதல் நாள் முடிந்ததாகக் கொட்டை எழுத்து வந்தது. என் குமாஸ்தா நிம்மதியாகத் திங்கட்கிழமைக்குக் காத்திருக்கலானார்.

பின்னால் நின்று ஜிகர்தண்டாவை உறிஞ்சிக்கொண்டிருந்த மருமகன் குனிந்து பார்த்தான்.

"மாமா, இந்த இன்னிங்ஸ்ல ராம் சிங்குக்குப் பந்தே குடுக்கலையே, ஏன்?"

"அவருக்குக் கை வலிடா."

"கம்ப்யூட்டர்ல அப்படி ஒண்ணும் காட்டலையே?"

அவன் கீழே இறங்கிப் போகும்வரை பொறுத்திருந்து, ஆராய்ச்சிக் குறிப்பேட்டை எடுத்து, இரண்டாம் நாள் என்று தலைப்பிட்டு அடிக்கோடிட்டு, ராம் சிங் பெயருக்கு எதிரே 'கை வலி' என்று பச்சை மையில் எழுதி வைத்தேன்.