கள்ளக்குறிச்சியிலிருந்து ரெய்டு போவது எப்படி?

அமெரிக்காவில் கல்லூரி ஃபுட்பால் என்று ஒன்று உண்டு. அதில் வைடு ரிசீவர் என்கிற பையன், பறந்து வருகிற பந்தைப் பிடித்துக்கொண்டு, மேலே விழுகிறவர்களை ஏய்த்துவிட்டு ஓட வேண்டும். 2021 ஜூலையிலிருந்து இந்தப் பையன்கள் படிக்கும்போதே பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துக் காசு பார்க்கலாம். நம் கபடியில் பந்து கிடையாது. மேலே விழுகிறவர்கள் மட்டும் உண்டு, ஏழு பேர். ஆகவே தம்பி, நீ கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் சேர்ந்து கபடி ரெய்டராகப் பெயரெடுக்க நினைத்தால், கீழே உள்ளபடி செய். வீட்டில் திட்டு விழுந்தால் கம்பெனி பொறுப்பல்ல.

முதலில் பிறக்கிற இடத்தைக் கவனி. கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கமோ கரியாலூர்ப் பக்கமோ பிறந்தால் ஜிம்முக்குக் கட்டுகிற பணம் மிச்சம். ஏறி இறங்கியே தொடை தேறிவிடும். கீழே கச்சிராயபாளையத்திலோ சங்கராபுரத்திலோ பிறந்துவிட்டால் கரும்புக்கட்டு தூக்கி ஈடுகட்டிக்கொள். புரோ கபடியில் 85 கிலோவுக்கு மேல் ஆடவிட மாட்டார்கள் என்று யாராவது பயமுறுத்துவார்கள். சாமைச் சோறும் மரவள்ளிக்கிழங்கும் சாப்பிட்டு வளர்ந்தவனுக்கு அந்தக் கவலை வேண்டாம். நீ அறுபதைத் தாண்டுகிற வழியைப் பார்.

அடுத்தது பனியன். முன்பக்கம் உரக்கடை பெயர், பின்பக்கம் உன் பெயர். ஊர்ப் பெயர் எங்காவது இடமிருந்தால் வரட்டும்.

ஆட்ட விதிகளை மேலோட்டமாகத் தெரிந்துகொண்டால் போதும். ஒரு ரெய்டுக்கு 30 வினாடி. எதிரில் ஆறு பேராவது நின்றால்தான் போனஸ். யாரையும் தொடாமல், பால்க் லைன் என்கிற கோட்டையும் தாண்டாமல் திரும்பி வந்தால் நீ அவுட். இதெல்லாம் நடுவர் பார்த்துக்கொள்வார். நீ பழக வேண்டியது வேறு: போகுமுன் மண்ணைத் தொட்டுக் கும்பிடுவது, தொடையில் தட்டுவது, தொடாதவனைத் தொட்டதாகச் சத்தியம் செய்வது. மூன்றாவதற்குத்தான் அதிகப் பயிற்சி தேவை.

இனி ஊர்ப் போட்டிகள். பொங்கலில் தொடங்கினால் ஒவ்வொரு ஊர்த் திருவிழாவாக நடக்கும். நுழைவுக் கட்டணம் கட்டிவிட்டு இரவு ஒன்பதுக்குப் போய்ச் சேர். உன் ஆட்டம் பத்து மணிக்கு என்பார்கள். பத்து மணிக்குப் பரிசு வழங்க வேண்டியவர் வருவார், அவருக்குப் பொன்னாடை, அவரோடு வந்தவர்களுக்குப் பொன்னாடை, பிறகு ஒலிபெருக்கி மக்கர். உன்னைக் களத்துக்குக் கூப்பிடும்போது கோழி கூவிவிடும். மைக் பிடித்தவர் உன்னைச் சிறுத்தை என்பார், புயல் என்பார், முதல் ரெய்டிலேயே உன் கணுக்காலைப் பிடித்து உட்கார வைத்ததும் அதே மூச்சில் எதிரணியில் ஓரமாக நின்று பிடிக்கிற கார்னரை இரும்புக்கோட்டை என்பார். கோபித்துக்கொள்ளாதே, அவருக்கு இரு தரப்பிலும் சொந்தக்காரர்கள். பரிசு ஆட்டுக்கிடாவாக இருந்தால் பதினோரு பேருக்குப் பங்கு பிரிப்பது பற்றி முன்னாடியே பேசி வை. காலையில் கல்லூரியில் இன்டர்னல் தேர்வு இருக்கும். எழுதாதே என்று நான் சொல்ல மாட்டேன், விழித்திருந்தால் எழுது.

இதற்கிடையில் புரோ கபடி ஏலக் கனவு வரும். 2022-இல் ரெய்டர் பவன் செராவத்தை 2.26 கோடி ரூபாய்க்குத் தமிழ் தலைவாஸ் அணி எடுத்தது. உனக்கு அவ்வளவு வேண்டாம், 2023 ஏலத்தில் டி பிரிவுக்கு அடிப்படை விலையே 9 லட்சம் என்று மனம் கணக்குப் போடும். போடட்டும். ஆனால் அந்த 2.26 கோடிக்காரருக்கு முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போய், சீசன் முழுக்க வெளியே உட்கார்ந்தார். அவர் இல்லாமலே அணி முதல்தடவையாக அரையிறுதிக்குப் போனது. அணிகளுக்கு இப்படியும் ஒரு குணம் உண்டு. நாற்பதைத் தாண்டியும் ஆடி, 2016-இல் பாட்னா பைரேட்ஸுக்குத் தலைவராகக் கோப்பை வாங்கிய நம் தர்மராஜ் சேரலாதனை உதாரணம் காட்டுவாய். அவர் பிடிக்கிறவர், தம்பி. நீ பிடிபடுகிறவன்.

ஆகவே கடைசியாக, உண்மையான ஆட்டம்: சான்றிதழ். நீ வாங்கிய ஊர்க்கோப்பைகள் அத்தனையையும் அலமாரியில் அடுக்கினாலும் அரசாங்கத்துக்குக் கண் தெரியாது. தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அது கேட்பது கோப்பையை அல்ல, படிவத்தை. ஆட்டுக்கிடாவுக்குப் படிவம் கிடையாது. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதில் ஒரு லாபம், மாவட்ட அணித் தேர்வுக்கு விழுப்புரத்துப் பையன்களோடு முட்ட வேண்டாம், உள்ளூர்க்காரர்களோடு முட்டினால் போதும். கல்லூரி வழியாகப் போனால் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகி, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆட வேண்டும். அதற்கு உன் பெயரை அனுப்புகிறவர் கல்லூரி உடற்கல்வி இயக்குநர். அவருடைய பைக் பஞ்சரானால் நீ தள்ளு. அவர் மகளுக்குக் கல்யாணம் என்றால் பந்தியில் சாம்பார் வாளி உன் கையில் இருக்கட்டும். தேர்வு நாளன்று ஷூ கொண்டு போ. அங்கே மண் இல்லை, மேட். வெறுங்காலோடு மலையிலிருந்து இறங்கிப் போய் ஷூவுக்காக அடுத்தவனிடம் கெஞ்சியவர்கள் நிறைய.

அணியில் இடம் கிடைத்து, ஆடி, சான்றிதழும் கைக்கு வந்துவிட்டால் உடனே முத்திரையைப் பார், பிறகு கையெழுத்தைப் பார், பிறகு உன் அப்பா பெயரின் இனிஷியலைப் பார். பத்து நகல் எடு. லேமினேட் மட்டும் செய்யாதே, எந்த அலுவலகத்தில் பின்பக்கம் சீல் குத்தக் கேட்பார்களோ தெரியாது.