வேட்டியின் மறுநியமனம்

குழந்தை பிறந்த வீட்டில் பழைய வேட்டிக்கு ஓய்வில்லை. சதுரம் சதுரமாகக் கிழிபட்டு, பதவி இறக்கத்துடன் மறுநியமனம் பெறுகிறது. துவைத்துத் துவைத்து மெலிந்த பருத்தி நன்றாக உறிஞ்சும், சீக்கிரம் காயும், காசும் கேட்காது. அதனால்தானோ என்னவோ அதற்கு மரியாதை இல்லை. அதே வேலைக்கு இப்போது கரடி பொம்மை அச்சிட்ட துணி டயப்பர் வந்திருக்கிறது. வெளியே நீர் கசியாத உறை, உள்ளே உறிஞ்சும் பட்டைகள், இடுப்பளவைக் கூட்டிக் குறைக்க வரிசையாகப் பட்டன்கள். நள்ளிரவில் கத்தும் பிள்ளைக்கு அவற்றைச் சரியாகப் பூட்டுவது தகப்பன்மாருக்கான நுழைவுத்தேர்வு.

துவைக்கும்போது முதலில் மலத்தைக் கழிப்பறையில் தள்ளி, தண்ணீரில் அலசி, பிறகே சோப்பு போட வேண்டும். வாசனைக்காக ஃபேப்ரிக் கண்டிஷனர் ஊற்றினால் இழைமேல் படலம் படியும். டயப்பர் கமகமக்கும், உறிஞ்சாது.

பூமியைக் காக்கும் பெருமையும் துணி டயப்பருக்கு உண்டு. பிரிட்டனில் சுற்றுச்சூழல் முகமை 2008இல் வெளியிட்ட கணக்கு அதைச் சற்றே அசைத்தது. இரண்டரை ஆண்டுகளில் ஒரு குழந்தைக்காக வெளியாகும் பசுங்குடில் வாயு, தூக்கியெறியும் டயப்பருக்குச் சுமார் 550 கிலோ; துணிக்குச் சராசரியாக 570. குற்றவாளி துணியல்ல, அதைத் துவைக்கும் சுடுநீரும் உலர்த்தும் இயந்திரமும். சலவை இயந்திரம் நிறையத் துணி போட்டு, வெளியே கொடியில் உலர்த்தி, அடுத்த பிள்ளைக்கும் அதையே கட்டினால் சுமார் 200 கிலோ குறையுமாம். அந்த அடுத்த பிள்ளையின் சொந்தக் கார்பன் கணக்கை மட்டும் யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.