டிஎஸ் நாடி நூல்: மூன்று நூற்பாவும் உரையும்

1955 அக்டோபரில் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் சிட்ரோயன் நிறுவனம் டிஎஸ் 19 என்ற காரை அரங்கேற்றியது. முதல் நாளிலேயே பன்னிரண்டாயிரம் ஆர்டர்கள் குவிந்தன. இந்தக் கார் ஏன் உட்காருகிறது, ஏன் எழுகிறது, சில நாள் ஏன் எழ மறுக்கிறது என்ற கேள்விகளெல்லாம் வாங்கிய பிறகு வந்தவை. இன்னும் ஓயவில்லை.

டிஎஸ் பழுது பார்க்கும் துறையில் கைநூல்கள் உண்டு, படங்கள் உண்டு, திருகு திருகாக விளக்கமும் உண்டு. நூற்பாதான் இல்லை. நூற்பா இல்லாத ஒன்றைச் சாத்திரம் என்று நம்மவர் ஒப்புவதில்லை. அக்குறை தீரவே பின்வரும் மூன்றும் இயற்றப்பட்டன. இயற்றியவனும் உரை எழுதுபவனும் ஒருவனே. பழமை கருதி யாரும் ஓலை தேடிப் புறப்பட வேண்டாம்.

முதலில் உறுப்பியல். டிஎஸ்ஸுக்குச் சுருள்வில் கிடையாது. சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு இரும்பு உருண்டைகள். ஒவ்வொன்றின் உள்ளும் ஒரு ரப்பர் சவ்வு. அதற்கு அந்தப் பக்கம் நைட்ரஜன், இந்தப் பக்கம் எண்ணெய். சக்கரம் மேட்டில் ஏறினால் எண்ணெய் சவ்வை நெருக்கும், நைட்ரஜன் சுருங்கி விரியும். வில்லின் வேலை வாயுவுக்கு. உயரத்தைத் தாங்கும் வேலை எண்ணெய்க்கு. எஞ்சின் பெல்ட்டில் ஓடும் பம்ப் எண்ணெயை அழுத்துகிறது. ரெகுலேட்டர் என்ற காவல்காரர் அழுத்தத்தை ஏறத்தாழ 145 பாருக்கும் 170 பாருக்கும் இடையே வைத்திருக்கிறார். அவர் கைவசம் அழுத்தத்தைச் சேமித்து வைக்க ஐந்தாவதாக ஓர் உருண்டை. இதையெல்லாம் வகுத்த பால் மஜெஸ் பொறியியல் பட்டம் பெறாதவர். பெற்றிருந்தால் முதல் வரைபடத்திலேயே கைவிட்டிருப்பார் என்பது என் துணிபு.

இதே எண்ணெய்தான் பிரேக்குக்கும் போகிறது, ஸ்டீயரிங்குக்கும் போகிறது. முதல் டிஎஸ்களில் கிளட்சுக்கும் கியருக்கும்கூட. ஆகவே நோய் ஓரிடம், முனகல் வேறிடம். பிரேக் சரியில்லை என்று சொல்லி வருபவரின் பிரேக்கில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது.

இனி நூற்பா.

*நின்றபின் தாழ்தல் நோயென மொழியார்;*
*நிமிடத்தில் தாழ்தலை நோயென மொழிப.*

தாழ்தல் என்றது, எஞ்சினை அணைத்துவிட்டுப் போனபின் கார் மெல்ல மெல்லத் தரையோடு படிதலை. உயரம் திருத்தும் வால்வுகளில் இரும்போடு இரும்பு நூலிழை இடைவெளியில் உரசுகிறது. அந்த இடைவெளி வழியே எண்ணெய் சொட்டுச் சொட்டாகத் தொட்டிக்குத் திரும்பும். விடிவதற்குள் கார் படுத்திருக்கும். காலையில் எஞ்சினைப் போட்டால், பசு எழுவதுபோலப் பின்பக்கம் முதலில் எழும். அது ஏன் எனின், எஞ்சினின் பாரம் முன்பக்கம். அதைத் தூக்க அழுத்தம் அதிகம் வேண்டும். ஆகவே முன்பக்கம் காத்திருந்து எழுகிறது.

இதைக் கண்டு பதறி நான்கு உருண்டைகளையும் மாற்றுபவர் உளர். மாற்றியபின்னும் கார் படுக்கும். உருண்டைக்கு மென்மைதான் பொறுப்பு. உயரம் அதன் இலாகா கிடையாது. உருண்டையைச் சோதிக்க வேண்டுமெனின், எஞ்சின் ஓடும்போது பம்பரின் ஒரு மூலையை உள்ளங்கையால் அமுக்குக. பணிந்து எழுந்தால் நலம். கருங்கல்லாக நின்றால் அந்தப் பக்கத்து நைட்ரஜன் போயிற்று.

நிமிடத்தில் தாழுமாயின் முதலில் தரையைப் பார்க்க. ஈரம் இல்லையேல் கசிவு உள்ளே. எண்ணெய் வால்வு வழியாகத் தொட்டிக்கே ஓடிவிடுகிறது. ஈரம் உண்டேல் சஸ்பென்ஷன் சிலிண்டர்களின் ரப்பர் உறையையும், எண்ணெய் திரும்பி வரும் ரப்பர் குழாய்களையும் தடவிப் பார்க்க. எழவே எழாத காருக்குச் சிகிச்சை தொடங்குமுன் காரின் உயரத்தைத் தேர்ந்தெடுக்கும் நெம்புகோல் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்ப்பது மரபு. இம்மரபைப் பின்பற்றாததால் கழற்றப்பட்ட பம்புகள் பல. நெம்புகோல் சரியெனின், பெல்ட்டையும் தொட்டியின் வடிகட்டியையும் பார்க்க. தொட்டியில் நுரை கண்டால், பம்புக்குப் போகும் உறிஞ்சு குழாய் காற்றைக் குடிக்கிறது என்று கொள்க.

(1962 ஆகஸ்ட் 22 அன்று பாரிஸ் அருகே பெத்தி கிளமாரில் பிரெஞ்சு அதிபர் ஜெனரல் தெகோல் சென்ற டிஎஸ்ஸைச் சுட்டார்கள். டயர்கள் போயும் கார் தப்பித்தது. புகழ் முழுவதையும் சஸ்பென்ஷனுக்கே கொடுப்பது இத்துறையாரின் வழக்கம். பாதியாவது ஓட்டுநர் பிரான்சிஸ் மாரூவுக்குச் சேர வேண்டும்.)

*நாடி என்ப ரெகுலேட்டர் ஓசை;*
*விரையின் நோயே, நீளின் நலமே.*

கார் தன் உயரத்துக்கு வந்து அமைதியாக நிற்கும்போது எஞ்சின் பக்கம் காதைக் கொடுத்தால் 'டிக்' என்றொரு ஓசை கேட்கும். ரெகுலேட்டர் பம்பை வேலையில் விடுவதும் ஓய்வுக்கு அனுப்புவதும் அந்த ஓசையில் தெரியும். ஓய்வு நீளமாக இருந்தால் உடம்பு நன்று. இரண்டு நொடிக்கொரு தரம் 'டிக் டிக்' என்றால் பிணி உண்டு.

சேமிப்பு உருண்டை செத்தாலும் நாடி விரையும், எங்காவது கசிந்தாலும் விரையும். எதுவென்று எப்படி அறிவது எனின், ஓய்வை மட்டும் எண்ணாமல் உழைப்பையும் எண்ணுக. உருண்டையில் வாயு இல்லையேல் நிரப்ப இடமில்லை. பம்ப் நொடியில் நிரப்பிவிடும், நொடியில் தீர்ந்தும்விடும். உழைப்பும் குறுகும், ஓய்வும் குறுகும். கசிவெனின், ஊற்ற ஊற்ற ஒழுகுவதால் பம்ப் நெடுநேரம் உழைக்கும். ஓய்வு மட்டுமே குறுகும். இந்த ஒரு வேற்றுமையை அறியாமல் செலவழிந்த பணத்தில் இன்னொரு டிஎஸ் வாங்கலாம்.

பிரேக்கும் இந்நூற்பாவுள் அடங்கும். டிஎஸ்ஸுக்குப் பிரேக் பெடல் இல்லை. தரையில் காளான் வடிவில் ஒரு ரப்பர் குமிழ் மட்டும். அது நகர்வதே தெரியாது. எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே கணக்கு. புதிதாக ஓட்டுபவர் வழக்கம்போல் மிதித்தால் மூக்கு கண்ணாடியில் இருக்கும். பிந்தைய டிஎஸ்களில் பின்பிரேக்குக்கு அழுத்தம் பின்சஸ்பென்ஷனிலிருந்தே வருகிறது. பின்னால் ஆள் ஏற ஏற அழுத்தம் கூடும், பிரேக்கும் அதற்கேற்பக் கூடும். எனவே பின்பிரேக் மந்தமானால் பின்சஸ்பென்ஷனையும் விசாரிக்க. டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியுமாயின் ஆராய்ச்சியை நிறுத்திவிட்டு, காரையும் நிறுத்துக. நிறுத்தி வைப்பதற்கான இயந்திர பிரேக் முன்சக்கரத் தட்டுகளைப் பிடிக்கிறது. இந்தக் காரில் எண்ணெயை நம்பாத பிரேக் அது ஒன்றே.

விளையாட்டு இல்லாத இடம் ஒன்று. உருண்டையையோ குழாயையோ தொடுமுன் நெம்புகோலைக் கடைசித் தாழ்நிலைக்குத் தள்ளி, எஞ்சினை அணைத்து, ரெகுலேட்டரின் அழுத்தத் திருகை ஒரு சுற்று மட்டும் தளர்த்துக. சீறல் அடங்கட்டும். முழுதும் கழற்றினால் உள்ளிருக்கும் சிறு எஃகுக் குண்டு உருண்டோடும். நாள் முழுவதும் தேடலாம். 170 பாரில் பீறும் எண்ணெய் தோலைத் துளைக்கும். தன்னைத் தானே தூக்கி நிற்கும் காருக்கு அடியில், ஸ்டாண்டு வைக்காமல் நுழைபவருக்கு உரை எழுத நான் ஆயத்தமில்லை.

*சிவப்பும் பச்சையும் தம்முள் மயங்கா;*
*மயங்கின் சீலும் பையும் அழியும்.*

பச்சை வருமுன் டிஎஸ்ஸில் ஓடியது எல்ஹெச்எஸ் என்ற செவ்வெண்ணெய். அது காற்றின் ஈரத்தைக் குடித்து உள்ளிருந்தே துருப்பிடிக்க வைக்கும். 1966 இலையுதிர் காலத்தில், 1967ஆம் ஆண்டு மாடலோடு, எல்ஹெச்எம் என்ற பச்சைக் கனிம எண்ணெய் வந்தது. அமெரிக்காவுக்குப் போன கார்கள் அரசு விதிமுறையால் 1969 வரை சிவப்பிலேயே இருந்தன. இருவகை எண்ணெய்க்கும் சீல்களின் ரப்பரே வேறு. மாற்றி ஊற்றினால் சீல்கள் ஊதிக் கெடும். ஆகவேதான் எல்ஹெச்எம் உறுப்புகளுக்குப் பச்சைச் சாயம் பூசினார்கள்.

இந்த எண்ணெய் அமைப்புக்குச் சிட்ரோயனிடம் உரிமம் பெற்ற ரோல்ஸ் ராய்ஸ், 1965இல் சில்வர் ஷேடோவில் பிரேக் எண்ணெய் வகையை வைத்தது. 1980இல் சில்வர் ஸ்பிரிட்டில் கனிம எண்ணெய்க்கு மாறியது. அங்கும் மாற்றி ஊற்றியவர் கண்ணீர் ஒன்றே. பில் மட்டும் பெரிது.

பழைய டிஎஸ் பார்க்கப் போகிறவர்கள் முதலில் தொட்டியைத் திறந்து எண்ணெயின் நிறத்தையும் உறுப்புகளின் சாயத்தையும் ஒப்பிடுங்கள். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு 'டிக்' ஓசையைக் கேளுங்கள். விற்பவர் அந்நேரம் பார்த்து ரேடியோ போட்டால் அணைக்கச் சொல்லுங்கள்.